முன்னால் போகச் சொன்னவர்

சூலூர் நிறுத்தத்தில் காலை நேரத்துப் பேருந்து வந்து நின்றால், அவர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று எல்லோரையும் ஏற்றிவிடுவார். "ஏறுங்க, ஏறுங்க. நீங்க முன்னால போங்க." கல்லூரிப் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குக் கூடையோடு போகும் பெண்கள், பனியன் கம்பெனி ஆட்கள் என்று எல்லோரும் ஏறி முடித்த பிறகு அவருக்குக் கால் வைக்க இடம் இருக்காது. நடத்துநர் விசில் அடித்துவிடுவார். உறவுக்காரர்களை ஊருக்கு அனுப்பிவைத்தவர் போல, வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நிறைவாகவே நிற்பார்.

நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்த வாரத்தில் பார்த்தது இது. அவர் அங்கே டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சரக்கு எந்த லாரியில் எந்த ஊருக்கு என்று பார்த்து அனுப்புகிற வேலை. அந்த வாரம் ஏதோ காரணத்தால் அவருக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மற்ற நாட்களில் விடிந்ததும் வரும் முதல் பேருந்தில் வந்து, கேட் திறப்பதற்கு வெகு முன்பே வாட்ச்மேனோடு நின்றுகொண்டிருப்பார். கடமை உணர்ச்சி என்று முதலாளி அதைக் கூட்டங்களில் எடுத்துச் சொல்வார். ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன்.

"கடமையெல்லாம் இல்லீங்க அம்மணி. அந்த வண்டிலதான் கூட்டம் இருக்காது. நானும் ஏறோணுமில்லீங்க?"

அவருக்கு இப்படி ஒரு குணம் இருப்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பார்கள், மதிப்பார்கள், பயன்படுத்தியும் கொள்வார்கள். ஒரு ஆயுத பூஜைக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தபோது கணக்கு எங்கோ தவறி, கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இல்லாமல் போய்விட்டது. அவர் தன் பெட்டியை அவளிடம் நீட்டினார். அவள் தயங்கினாள். "வாங்கிக்க கண்ணு, எனக்குச் சர்க்கரை இருக்குது, ஊட்டுக்குக் கொண்டுபோனாத் திட்டுவாங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து டீ மாஸ்டர் அவருக்கு மட்டும் சர்க்கரை போடாத டீயைத் தனி டம்ளரில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார். அவரும் குடித்தார். வருடக்கணக்காகக் குடித்தார்.

என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி எங்கள் மூன்று பேருக்கும் காபி கலந்தார். அவருடைய டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை விழுவதைப் பார்த்து நான் பதறிவிட்டேன்.

"அம்மா, ஐயாவுக்குச் சர்க்கரை இருக்குதில்லீங்க?"

"அவருக்கேது சர்க்கரை? ஒரு நோவும் இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். "இப்பப் போயி இல்லேன்னு சொன்னா அந்த டீ மாஸ்டருக்குச் சங்கடமாப் போயிருமுங்க."

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். சால்வை போர்த்தி, வெள்ளி விளக்கு கொடுத்து, முதலாளி பேசினார். சனிக்கிழமை அது நடந்தது. திங்கட்கிழமை காலையில் அவர் வாட்ச்மேனோடு மறுபடியும் நின்றுகொண்டிருந்தார். புதிதாகப் பொறுப்பெடுக்க வேண்டிய உதவியாளருக்கு இன்னும் வேலை பிடிபடவில்லை, கொஞ்ச நாள் கூட இருங்கள் என்று முதலாளி கேட்டிருக்கிறார். அவரால் மறுக்க முடியவில்லை. அந்தக் கொஞ்ச நாள் பதினாறு வருடமாகியும் முடியவில்லை. உதவியாளருக்குத் தலை நரைத்தது. "எல்லாருக்கும் எடம் உடறாரு, நமக்கு மட்டும் நாற்காலியை உட மாட்டேங்கறாரே" என்று அவன் ஒருமுறை என்னிடம் வேடிக்கையாகச் சொன்னான். அதில் வேடிக்கை பாதிதான் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குச் சம்பளம் வவுச்சரில், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. இ.எஸ்.ஐ. கிடையாது. உடம்புக்கு ஏதாவது வந்தால் அவருடைய செலவு. கணக்குப் பிரிவில் இருந்ததால் எனக்கு இது தெரியும்.

"நீங்க முதலாளிகிட்டக் கேட்டீங்களா ஐயா?"

"ரிட்டயர் ஆனவனுக்கு எப்படிங்க குடுப்பாங்க? கேட்டா அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

நடுவில் ஒருமுறை அரசுக் காப்பீட்டு அட்டைக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று கேட்கப் போயிருக்கிறார். இன்னும் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டதும், சம்பளத்தோடு மனைவி விசைத்தறிப் பட்டறையில் குச்சியில் நூலைத் தார் சுற்றி வாங்கும் கூலியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகுதான் எழுபது வயது முடிந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் காப்பீடு என்ற அறிவிப்பு வந்தது. அவருக்கு எழுபத்து நான்கு. அந்த அம்மாவுக்கு அப்போதுதான் எழுபது முடிந்திருந்தது. வேலைக்குப் போனாலும் பரவாயில்லை, ஆதார் அட்டை போதும். நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன். ஊரில் ஒரு மண்டபத்தில் பதிவு முகாம் போட்டிருந்தார்கள். என் அம்மாவையும் அங்கே கூட்டிப்போக வேண்டியிருந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அவர்கள் இருவரும் காலையிலேயே வந்து டோக்கன் வாங்கியவர்கள், பதிந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் கடைசி வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறையில் இரண்டு ஆதார் அட்டைகள்.

"இன்னும் கூப்பிடலீங்களா ஐயா?"

"கூப்பிட்டாங்க. கருமத்தம்பட்டியில இருந்து ஒருத்தரு ஆட்டோ வெச்சு வந்திருந்தாரு, ஆட்டோக்காரன் அவசரப்படுத்தறான்னு சொன்னாரு. டோக்கனை மாத்திக்கிட்டோம். அப்பறம் ஒரு அம்மாவுக்கு நெம்ப நேரம் உக்கார முடியலைங்க."

சொல்லிக்கொண்டே அவர் என் அம்மாவைப் பார்த்தார். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாமுங்க ஐயா" என்று முந்திக்கொண்டேன். எங்கள் எண் வந்தபோதுதான் போனோம். அம்மாவுக்கு விரல் ரேகை உடனே பதிந்தது. அட்டை கைக்கு வந்தது. அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் அவர்களோடு இருந்தேன்.

சாயங்காலம் முகாம் முடிகிற நேரத்தில் அவர்கள் முறை வந்தது. முதலில் மனைவியை உட்காரவைத்தார். விரல் பதியவில்லை. இத்தனை வருடம் நூல் ஓடி ஓடி ரேகை தேய்ந்துபோயிருந்தது. செல்போனுக்கு வரும் எண்ணை வைத்துப் பதியலாம் என்றால், ஆதாரோடு அவர்கள் கொடுத்திருந்தது எப்போதோ நின்றுபோன பழைய நம்பர். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பொறுமையானவள். "கையைத் தொடைச்சுட்டு அடுத்த வெரலை வைங்கம்மா" என்று ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் இன்னும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"வா புள்ள. பின்னால ஆளுங்க நிக்கறாங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இருங்க ஐயா, கண்ணை வெச்சுப் பாத்துரலாம்" என்றாள் அந்தப் பெண்.

"பரவாயில்லீங்க. அவிங்கள முதல்ல பாருங்க."

அந்த அம்மா இயந்திரத்தின் மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவரும் பதியாமலே வெளியே வந்தார். நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அதற்கு அவர், "நாங்க ரெண்டு பேரும் இன்னும் வேலைக்குப் போயிட்டுத்தானுங்களே இருக்கறோம். முடியாதவங்க முதல்ல வாங்கிக்கட்டுமுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அந்த அம்மா பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆதாரில் போன் நம்பரை எங்கே மாற்றுவது என்று சொல்லிவிட்டு வரலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அந்த அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசினோம். பிறகு அந்த அம்மா குனிந்தபடியே சொன்னார்.

"எல்லாரும் இவரை நெம்ப நல்லவருன்னு சொல்றாங்க கண்ணு. நல்லவருதான். நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா வரிசையில இவரு எடம் உட்டுக் குடுக்கறப்ப, இவருக்குப் பின்னால நிக்கறது யாரு? நாந்தானே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவரு குடுத்த எடம் பூரா என்னோட எடமும் சேத்தித்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல."

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"புள்ளைக்குக் காலேஜு சீட்டுக்குப் போனப்பவும் இப்படித்தான். நெம்பத் தூரத்துல இருந்து வந்திருக்காங்கன்னு யாருக்கோ முன்னால போகச் சொன்னாரு. அவ கேட்ட படிப்புக்குக் கடைசி சீட்டு அந்த ஆளோட முடிஞ்சுபோச்சு. அவளும் ஒண்ணும் சொல்லலை. அப்பனைப் பத்தி என்னத்தைச் சொல்லுவா?" உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். "நல்ல பேரு இவருக்கு வந்துருது கண்ணு. கால் வலிக்கறது எனக்கு."

நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் அவர் குடத்தோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தோளில் இருந்த குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்திருந்தது. பிறகு எங்களைத் தாண்டி உள்ளே போனார். அந்த அம்மா வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போன் நம்பர் விஷயத்தைச் சொல்லாமலே நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பட்டறையில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாராம். நெஞ்சு அடைக்கிறது என்றதும் மகள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து, கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாள். இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, இரண்டொரு நாளில் சரிசெய்துவிட வேண்டும், அதுவரை நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் செலவைப் பற்றிக் கவலை இல்லை, இல்லாவிட்டால் கீழே உள்ள கவுண்டரிலேயே பதியலாம் என்றும் சொன்னார்கள். மகள் பணம் புரட்டுவதற்காகத் தன் மாமனார் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் எனக்குப் போன் செய்தார். அவர் யாரையும் எதற்காகவும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"அம்மணி, கவுண்டர்ல என்ன சொல்றாங்கன்னு எனக்குப் பிடிபடலீங்க. உங்களுக்கு வேலை இல்லீன்னா சித்த வர முடியுங்களா?"

நான் போனபோது சக்கர நாற்காலியில் அந்த அம்மாவை உட்காரவைத்து, பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கவுண்டரில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். அவர்கள் முறை வந்தது. மறுபடியும் அதே விரல்கள். வலது கை முடிந்து இடது கை. பதியவில்லை. ஒவ்வொரு தடவையும் இயந்திரம் சிறிதாக ஒரு சத்தம் எழுப்பி மறுத்தது. பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. "என்னங்க ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். அவருடைய பிடரியில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது, சட்டையெல்லாம் மண். கையில் ஏதோ காகிதங்கள்.

"ஏனுங்க ஐயா, தம்பி தென்னமரத்துல இருந்து விழுந்துபோட்டானுங்க. கால் போச்சுங்க. இங்க ஒரு சீல் வெச்சாத்தான் மேல கூட்டிட்டுப் போவாங்களாட்ட இருக்குது. சித்த உடுங்களே. ஒரே நிமிசமுங்க."

அந்த அம்மா இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரும் சொல்லாமலே எடுத்தார். அடுத்து நாற்காலி பின்னால் நகரும் என்று அவருக்குத் தெரியும், அதற்குத் தயாராக முந்தானையைச் சக்கரத்தில் சிக்காமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

கவுண்டர் இளைஞன் கேட்டான். "ஐயா, அவருதை முதல்ல பாத்துரட்டுங்களா?"

நாற்காலி நகரவில்லை.

"இல்லீங்க" என்றார் அவர். தேவைக்கு மேல் சத்தமாக வந்தது குரல். "என்ற சம்சாரத்துக்கு முடிச்சுப்போட்டுத்தான் நகருவனுங்க."

வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அந்த ஆள், "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க" என்று இன்னொரு தடவை கேட்டார். அவர் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்த அம்மா கழுத்தைத் திருப்பி அண்ணாந்து கணவரைப் பார்த்தார். யாரோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கையை மறுபடியும் இயந்திரத்தின் மேல் வைத்தார்.

நான் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் ஒருவர் காகிதத்தைப் பார்த்து, இதற்கு இந்த வரிசையே வேண்டியதில்லை என்று சொல்லி அவரை மேலே அழைத்துப்போனார். நான் திரும்பி வந்தபோது இளைஞன் சின்னக் கேமரா ஒன்றை அந்த அம்மாவின் கண்ணருகே பிடித்திருந்தான். "நல்லா அகலமாத் தெறங்கம்மா. இமைக்காதீங்க." மூன்றாவது முயற்சியில் பதிந்தது.

"உங்களுக்கும் வயசு இருக்குதில்லீங்க ஐயா? உங்களுதையும் பதிஞ்சுரலாமா?" என்று அவன் கேட்டான்.

"போதுமுங்க" என்று சொல்லி நாற்காலியைத் திருப்பினார். லிப்ட் வரைக்கும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த ஆளுக்கு வேலை முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். தார் சுற்றப் போகக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை மகள் கறாராக நிறைவேற்றினாள். அவரும் வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கவுண்டரில் அப்படிப் பேசியவர் முதலாளியிடமும் பேசுவார் என்று நான் நம்பினேன். முதலாளி ஆப்பிள், ஆரஞ்சோடு வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, "இந்த சீசன் மட்டும் பாத்துக் குடுத்துருங்க" என்றார். அடுத்த வாரமே இவர் மறுபடியும் கேட்டில் வாட்ச்மேனோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு மாறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அதே மண்டபத்தில் மறுபடியும் முகாம் போட்டார்கள். மாமியாருக்கு விவரம் கேட்கப் போயிருந்தேன். வரிசையில் அவர்கள் இருவரும் நின்றார்கள். அந்த அம்மாவிடம் ஏற்கெனவே அட்டை இருக்கிறது, இருந்தும் அவர்தான் முன்னால் நின்றார். கணவரின் டோக்கனும் ஆதார் அட்டையும் அவர் கையில். பின்னால் இவர். முன்னே பின்னே யார் வந்து என்ன கேட்டாலும் அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஒருவர் கேட்கவும் செய்தார். "எங்க டோக்கன் இதுங்க, உங்களுது பின்னால" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இவர் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இவர் பக்கத்தில் போய் நின்றேன். வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்த ஆளு அத்தனை கெஞ்சினாரு. எப்படிங்க ஐயா மறுத்தீங்க?"

அவர் முன்னால் நின்ற மனைவியின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் திரும்பலைங்க அம்மணி. அந்த ஆளு மொகத்தைப் பாக்கலை. பாத்திருந்தா உட்டிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "இது அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றார்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. அந்த அம்மா நகர்ந்தார். இவரும் நகர்ந்தார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார் அந்த அம்மா, திரும்பாமலே.